துடோங்கின் மேல் வைத்த ஹெட்போன்

முப்பத்து நான்கு வயதில் எனக்குப் பணி ஓய்வு விழா நடத்தினார்கள். கேக் இருந்தது, மாலை இருந்தது, சுவர்க்கடிகாரமும் இருந்தது. வாழ்த்து அட்டையில் ‘இனிப் பேரப்பிள்ளைகளோடு மகிழ்ந்திருங்கள்’ என்று அச்சடித்திருந்தது. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. எங்கள் அலுவலகத்தில் அந்த ஒரு வகை அட்டையைத்தான் கட்டாக வாங்கி வைத்திருக்கிறார்கள்.

உண்மையில் ஓய்வு பெற்றது வேன். நான் அதனோடு சேர்ந்து இறங்கிவிட்டேன். கோல சிலாங்கூரிலும் அதற்கு வடக்கேயும் உள்ள செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் பலகைத் தொழிற்சாலைகளுக்கும் வேனில் போய், இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை காது சோதனை செய்வது பன்னிரண்டு ஆண்டுகளாக என் தொழில். வேனுக்குள் ஒலி புகாத ஒரு சின்ன அறை உண்டு. தொழிலாளி அதற்குள் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொள்வார். ‘பீப்’ கேட்டால் பொத்தானை அழுத்துவார். வெளியே நான் கருவியோடு உட்கார்ந்து குறித்துக்கொள்வேன். இப்போது இதையெல்லாம் ஒரு டேப்லட் தானே செய்கிறது. அதோடு வரும் ஹெட்போன் வெளி இரைச்சலைத் தானே அடைத்துவிடுகிறது. வேனை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் அதில் பர்கர் விற்கப் போகிறாராம். நாட்டிலேயே மிக அமைதியான பர்கர் கடையாக இருக்கும்.

என் இடத்துக்கு வந்த இரண்டு இளையவர்களும் முதல் வாரமே வாட்ஸ்அப்பில் கேட்டார்கள்: “அக்கா, துடோங் போட்டவங்களுக்கு ஹெட்போன் எப்படி வெக்கறது? மேனுவல்ல ஒன்னுமே இல்ல.”

மேனுவலில் இருக்கிறது. ‘தலையணிகளை அகற்றவும்’ என்று இரண்டே சொற்கள். துடோங், முஸ்லிம் பெண்கள் தலையோடு காதையும் சேர்த்து மூடிக் கட்டும் துணி. ஹெட்போனோ காதின் மேல் நேராக உட்கார வேண்டிய பொருள். அந்த இரண்டு சொற்களைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே பதில் சற்று நீளம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு டிப்ளோமா, ஐந்து நாள் வகுப்பு, ஒரு தேர்வு. வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம். கேட்டால் ஒலியைப் பத்து டெசிபல் இறக்கு, கேட்காவிட்டால் ஐந்து ஏற்று. அவ்வளவுதான். மீதி எல்லாம் ஞானம் சாரின் வேனில்.

ஞானம் சார் வேனுக்குப் பொறுப்பாளர், ஓட்டுநர், எனக்கு மேலதிகாரி. அவருடைய விசித்திரம் குரல். காது சோதிக்க வந்தவர் இவ்வளவு மெதுவாகப் பேசலாமா என்று ஒவ்வோர் ஆலையிலும் கேட்பார்கள். அவர் அதற்கும் மெதுவாகத்தான் பதில் சொல்வார், யாருக்கும் கேட்காது. காலையில் முதல் ஆள் உள்ளே போகும் முன் அவரே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, இரண்டு காதிலும் எல்லா ஒலிகளையும் கேட்பார். முடித்ததும் “இருக்கு” என்பார். அந்த ஒரு சொல் கிடைத்தால்தான் நான் படிவத்தை எடுக்கலாம். ஒரே ஒரு நாள் “இல்ல” என்றார். அன்று நாற்பது பேர் வரிசையில் நிற்க, வேனைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.

வேலைக்குச் சேர்ந்த மாதம், துடோங் போட்டிருந்த ஓர் அக்காவுக்கு நான் துணியின் மேலேயே ஹெட்போனை வைத்தேன். ஞானம் சார் பின்னாலிருந்து முணுமுணுத்தார்: “மிஸ், இப்ப நீங்க டெஸ்ட் பண்றது பாலியஸ்டருக்கு.”

“கழட்டச் சொல்லலாமா சார்?”

“சொல்லலாம். ஆனா எங்க கழட்டுவாங்க?”

நியாயமான கேள்வி. சோதனை அறைக்கு ஒரு கண்ணாடி ஜன்னல்; அதன் எதிரே என் நாற்காலி; என் முதுகுக்குப் பின்னால் வேனின் திறந்த கதவு; அதற்கு வெளியே கையில் ஹெல்மெட்டோடு முப்பது ஆண்கள். அன்று மாலையே கோல சிலாங்கூரில் ஒரு துணிக்கடையில் திரைத்துணி வாங்கினோம். வெளிச்சம் புகாத தடிமனில் மிச்சமிருந்தது ஒரே ஒரு துண்டு. மஞ்சள் வாத்துகள் வரிசையாகக் குடை பிடித்துக்கொண்டு போகும் துணி. அடுத்த வாரத்திலிருந்து எங்களுக்கு எல்லா ஆலையிலும் ‘வாத்து வேன்’ என்று பெயர்.

பெண்கள் முறை வந்ததும் ஞானம் சார் இறங்கிப் போய், வேனுக்கு முதுகு காட்டிக் கதவருகே நிற்பார். திரும்பவே மாட்டார். ஒருமுறை ஒரு லோரி பின்னோக்கி வந்து எங்கள் வேனின் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. “என்ன சத்தம் சார்?” என்றேன் உள்ளிருந்து. “தெரியல மிஸ். முன்னாடி ஒன்னும் நடக்கல” என்றார்.

திரைக்குப் பின்னால் நான் மட்டும். எனக்குப் பட்டியல் போடாமல் இருக்க வராது. ஆகவே நேரத்தைக் குறித்து வைத்தேன். தலை வழியாக அப்படியே மாட்டும் சாரோங் துடோங் பத்து விநாடி. சதுரத் துணியை மடித்து ஊசி குத்தும் ‘பாவால்’ துடோங் மூன்று நிமிடம், நான்கு ஊசி. நீளச் சால்வை ஏழு நிமிடம், ஊசி கணக்கில்லை. திரும்பக் கட்டக் கண்ணாடி வேண்டும், என் அபிப்பிராயமும் வேண்டும். ஊசிகள் தொலைந்து போய், ஒரு நாள் ஞானம் சார் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, என் பணிக்காலத்திலேயே முதல்முறையாக எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு சொல் சொன்னார். மறுநாள் வாகன உதிரிபாகக் கடையில் திருகாணி போட்டு வைக்கும் காந்தத் தட்டு ஒன்று வாங்கி வந்தார். அதற்குப் பிறகு ஓர் ஊசிகூடத் தொலையவில்லை.

இப்படியாக வட சிலாங்கூர் ஆலைப் பெண்களின் தலைமுடி எப்படி இருக்கும் என்று அறிந்த ஒரே இந்துப் பெண் நான் ஆனேன். கொண்டைக்குள் பென்சில் பார்த்திருக்கிறேன். சுருள் சுருட்டிகள் பார்த்திருக்கிறேன். மருதாணி பூசிப் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு வந்த ஒருவர், “மிஸ், சீக்கிரம் லா, செவப்பு ஏறிடும்” என்றார். யார் எவர் என்று சொல்லமாட்டேன். ஞானம் சார் சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு: படிவத்தில் கட்டம் இல்லாத எதையும் நாம் பார்க்கவில்லை.

அந்த விதியை மீறி ஒருத்தியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அவளிடம் கேட்டுத்தான். பெயரை மாற்றச் சொன்னாள், ஆனால் “அழகான பேரா வைங்க” என்று நிபந்தனை. ஷாகிரா என்று வைத்திருக்கிறேன்.

புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே போகும் சாலையில் ஒரு செம்பனை ஆலை. அதன் ஆய்வுக்கூடத்தில் எண்ணெயின் ஈரத்தையும் அமிலத்தையும் அளப்பவள் ஷாகிரா. ஆய்வுக்கூடத்துக்கு அடுத்த சுவர் எண்ணெய் பிழியும் இயந்திரங்கள். அந்த இரைச்சலுக்காகத்தான் அவளுக்கு ஆண்டுதோறும் சோதனை. தமிழ் முஸ்லிம் குடும்பம். அத்தாவுக்கு டவுனில் சாப்பாட்டுக் கடை. துடோங் போடமாட்டாள். அந்த ஆலையில் துடோங் போடாத முஸ்லிம் பெண் அவள் ஒருத்தி.

அவளைத் தவிர, அந்த ஆலை வளாகத்தில் தலையை மூடாதவர் யாருமில்லை. ஆண்கள் தலையில் ஹெல்மெட். பாதுகாவலர் தலையில் தொப்பி. வாசல் பெருக்கும் முனியம்மா அக்கா தலையில் துண்டு, அதன் மேல் தொப்பி, மழை பெய்தால் அதன் மேல் பிளாஸ்டிக் பை. இவர்கள் யாரையும் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேள்விகள் எல்லாம் ஷாகிராவுக்கு.

அதிகம் கேட்டவர் காக் ரோஸ்னா, எடைமேடையில் லோரிகளை நிறுத்து எடை எழுதும் மலாய்க்காரர்; மலாயில் ‘காக்’ என்றால் அக்கா. எஸ்டேட் லயத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு பிறந்து வளர்ந்தவர். அலுவலகத்துக்கு மலாய், கொஞ்சவும் திட்டவும் தமிழ். நான் பார்த்த முதல் ஆண்டு, வரிசையில் நின்றபடியே ஆரம்பித்தார்.

“அடியே ஷாகிரா, எப்பத்தான்டி துடோங் போடப் போற? வயசு ஏறுது லா.”

“போடறன்னைக்கு உங்களுக்குத்தான் காக் மொத போன்.”

அடுத்த ஆண்டு அதே வரிசை.

“போன் வரலியேடி?”

“எஸ்டேட் உள்ள லைன் கெடைக்கல காக்.”

மூன்றாம் ஆண்டு.

“இப்பத்தான் டவர் வெச்சிட்டானே?”

“டவர் வந்திருச்சு. மனசு இன்னும் சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கு காக்.”

வரிசை முழுக்கச் சிரிப்பு. ஆனால் உள்ளே வந்து கதவை மூடியதும் ஷாகிரா சிரிக்கவில்லை. “மிஸ், போடறதுல எனக்கு ஒரு விரோதமும் இல்ல. கூடப் பொறந்த ரெண்டு லாத்தாவும் போடறாங்க, அழகாத்தான் இருக்கு. ஆனா நான் போட்டா அது நான் போட்டதா இருக்கணும். காக் போட்டு விட்டதா இருக்கக் கூடாது” என்றாள். நான் ஆயிரம் ஹெர்ட்ஸில் ஆரம்பித்தேன். காது அருமையான காது.

நான்காம் ஆண்டு நாங்கள் போய் இறங்கியபோது, ஷாகிரா வெளிர் மஞ்சள் துடோங்கில் நின்றாள். உள் தொப்பி, மேலே இரண்டு மடிப்பு, காதோரம் கல் வைத்த ப்ரூச். பக்கத்தில் காக் ரோஸ்னா, கல்யாணப் பெண்ணின் தாயைப் போல நிமிர்ந்து நின்றார். “பாத்தீங்களா மிஸ்? யாரும் சொல்லல. அவளே போட்டா. அவளே!”

உள்ளே வந்ததும் காந்தத் தட்டை நீட்டினேன். ஷாகிரா கையை உயர்த்தி அந்த ப்ரூச்சை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“மேலயே வைங்க மிஸ்.”

“துணிக்கு மேல வெச்சா ரிசல்ட் தப்பா வரும். இங்க நான் மட்டும்தான். திரை போட்டிருக்கு.”

“தெரியும் மிஸ். இன்னைக்கு மட்டும். ப்ளீஸ்.”

கண்ணில் தண்ணீர் நின்றது. நான் கதவை லேசாகத் திறந்து, ஞானம் சாரின் முதுகிடம் பேசினேன்.

“சார், ஒருத்தவங்க கழட்ட மாட்டேங்கறாங்க.”

“ரூல் என்ன மிஸ்?”

“தள்ளி வெச்சு வேற நாள் வரச் சொல்லணும்.”

“அப்ப?”

வெளியே பதினான்கு பேர் இருந்தார்கள். வேலை தொடங்க அரை மணி நேரம்தான் இருந்தது. இவளை வேறு நாள் வரச் சொன்னால் எல்லோரும் ஏன் என்பார்கள். இவை என் காரணங்கள். நன்றாகவே அடுக்கி வைத்திருந்தேன். துடோங்கின் மேல் ஹெட்போனை வைத்தேன். ப்ரூச்சில் பட்டு அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. குறிப்புக் கட்டத்தில் ‘துணியின் மேல்’ என்று எழுதினேன். எழுதியதோடு என் மனசாட்சியின் வேலையும் முடிந்துபோனது.

குறிப்புக் கட்டத்தில் எழுதுவது ஆலைக்குப் போகும் கடிதத்தில் அச்சாகாது என்பது எனக்குத் தெரியும். அன்று மறந்துவிட்டேன்.

கடிதம் போனது. போன ஆண்டைவிட இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது, மறுசோதனை வரை இரைச்சலான இடத்தில் வைக்க வேண்டாம். ஆலை மேனேஜர் விதிப்படி நடந்துகொண்டார். ஷாகிராவை ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்து எடைமேடையில், காக் ரோஸ்னாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். அதுவும் போகட்டும். ஆய்வுக்கூடச் சூப்பர்வைசர் அந்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு ஆறு ஆண்டாகக் காத்திருந்தவள் ஷாகிரா. நேர்காணலுக்கு இன்னும் மூன்று மாதம். காது சரி என்று தாள் வராமல் அவள் பெயரைச் சேர்க்க முடியாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

எழுதிய கைக்குத் தூக்கம் கெட்டது. மறுசோதனையை விரைவாகக் கேட்டு வாங்கினேன். இரண்டு மாதத்தில் தேதி கிடைத்தது. அன்று அந்த ஆலையில் அவள் ஒருத்திக்காகத்தான் வேன். வாத்துத் திரையை இழுத்தேன், கதவைச் சாத்தினேன், ஞானம் சாரின் முதுகு அதன் இடத்துக்குப் போனது.

ஷாகிரா ஊசிகளை ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டாள். துடோங்கை எடுத்தாள். உள் தொப்பியையும் எடுத்தாள்.

இடது பக்கம் தோள் வரை பட்டு மாதிரி முடி. வலது பக்கம் கரிந்த தேங்காய் நார், இரண்டு விரல் நீளத்துக்கு. ஹெட்போன் வைக்க உண்மையிலேயே வசதியான பக்கம்.

“சிரிச்சிருங்க மிஸ்” என்றாள். “அடக்காதீங்க, மூக்கு வழியா வரும்.”

நான் தொழில்முறையாக நடந்துகொண்டேன். அதாவது படிவத்தால் முகத்தை மூடிக்கொண்டேன்.

“புஞ்சாக் ஆலாம்ல யூனிவர்சிட்டிக்குப் பக்கத்துல ஒரு சலூன் மிஸ். முடி நேராக்கறது. ஸ்டுடன்ட்டுக்குப் பாதி வெலை. நானும் ஸ்டுடன்ட்னு சொன்னேன்.”

“உங்க வயசு?”

“முப்பது. பொய்க்குத் தண்டனை உடனே கெடச்சிருச்சு. அந்தப் பொண்ணு மருந்தைத் தடவிட்டுச் சாப்பிடப் போயிட்டா. ஏசியில நானும் தூங்கிட்டேன். எழுந்தா வாடை வருது. சலூன்காரி என்னைப் பாத்து அழறா, நான் அவளைப் பாத்து அழறேன்.”

இரண்டு வாரம் துடோங் போட்டு மறைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் வளர்ந்ததும் வெட்டிச் சரிசெய்யலாம் என்று திட்டமாம். முதல் நாள் வாசலில் பாதுகாவலர் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று சொல்லி, நடந்து வந்தவளுக்குத் தடைக்கம்பை மேலே தூக்கிவிட்டார். மத்தியானத்துக்குள் பரிசாகப் பதினொரு துடோங். வெள்ளிக்கிழமை கேண்டீனில் கேக். கேக்கின் மேல் சர்க்கரைப் பாகில் செய்த ஷாகிராவின் முகம், சர்க்கரைத் துடோங்கோடு.

“கேக்கை வெட்டின பெறகு எப்படி மிஸ் கழட்டறது?”

அடுத்த வாரம்தான் எங்கள் வேன் வந்திருக்கிறது. கழற்றினால் நான் பார்ப்பேன், பார்த்தால் சிரிப்பேன், சிரிப்பு வெளியே கேட்டால் காக் ரோஸ்னா கதவைத் திறந்துவிடுவார். அவள் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

அதன்பின் கடிதம் வந்து, ஆலை முழுக்க ஷாகிராவுக்குக் காது கேட்காது என்று பரவிவிட்டது. லோரி டிரைவர்கள் அவளிடம் எடையைக் கத்திச் சொன்னார்கள். முனியம்மா அக்கா கையால் சோறு பிசைந்து காட்டி, சாப்பிட்டாயா என்று கேட்டார். அதுகூடப் பரவாயில்லை. காது கேட்காதவள் என்பதால் அவள் முன்னாலேயே அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

“என்ன பேசினாங்க?”

ஷாகிரா விரல் விட்டு எண்ணினாள். “ஹாஜியார் வீட்டுல மாப்பிள்ளை பாத்திருக்காங்களாம், அதான் போட்டேனாம். ஹரிராயா பெருநாள் முடிஞ்சதும் கழட்டிருவேனாம். மஞ்சள் எனக்கு எடுக்கலயாம். முன்னாடி இருந்ததே லட்சணமாம். இவ்வளவு நாள் போடாம இருந்ததுக்கு இப்பப் போட்டு என்னா புண்ணியமாம். காத்துப் போகாமத்தான் காது அடச்சிருச்சாம். இது போர்மன் சொன்னது, அவருக்கே ஒரு காது கேக்காது.”

ஆறாவது விரலோடு நிறுத்தினாள். ஏழாவது கருத்து காக் ரோஸ்னாவுடையது. அதை அவர் தொலைபேசியில் தம் தங்கையிடம் மலாயில் சொன்னார், பக்கத்து நாற்காலியில் ஷாகிரா லோரிச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது.

அவர் சொன்னது இது: என் கல்யாணத்தன்று காலை, என் தலையில் துடோங்கைக் கட்டிவிட்டது மாமியார். வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. இப்போது இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இது என்னுடையதாகிவிட்டது, இனி யாராவது கழற்றச் சொன்னால் கையை உடைப்பேன். ஆனால் அந்த ஒரு காலை மட்டும் என்னுடையது இல்லை. இந்தப் பெண் எத்தனை ஆண்டு எங்கள் எல்லோரிடமும் பேச்சு வாங்கினாள், தானாக வேண்டும் என்று தோன்றும் வரைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை பார். அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

“அவங்க மூக்கைத் துடைக்கறாங்க மிஸ்” என்றாள் ஷாகிரா. “நான் கேக்காத மாதிரி மூஞ்சை வெச்சுக்கிட்டுச் சீட்டு எழுதறேன். இது அல்லாவுக்காகப் போடறது. நான் சலூனுக்காகப் போட்டேன். நான் போட்டதா இருக்கணும்னு பேசினவ, இப்ப யாரு போட்டதுன்னே தெரியாமத் திரியறேன்.”

இதற்கெல்லாம் எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. நான் ஒரு கேள்வி கேட்டேன், கால் வலிக்கிறதா என்று கேட்பது போல.

“போட்டிருக்கறது உங்களுக்கு எப்படி இருக்கு?”

ஷாகிரா யோசித்தாள். “பாய்லர் பக்கம் போனா வேகுது. வெள்ளிக்கெழம நல்லா இருக்கு. அத்தா கடைக்குப் போறப்ப நல்லா இருக்கு. செவ்வாக்கெழம புடிக்கல, ஏன்னு தெரியல.” பிறகு, “ரெண்டு மாசத்துல யாரும் இதைக் கேக்கல மிஸ். போடாதப்ப ஏன் போடலன்னாங்க. போட்டப்ப ஏன் இவ்வளவு லேட்டுன்னாங்க” என்றாள்.

ஹெட்போனை வைத்தேன். சிவப்பு வலம், நீலம் இடம். பதினான்கு ஒலிகளையும் கேட்டாள். ஞானம் சாரின் காதைவிட நல்ல காது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மேனேஜர் சந்தேகப்பட்டார். ஒரு தாளில் கேட்கவில்லை, ஒரு தாளில் கேட்கிறது, எதை நம்புவது? காரணத்தை எழுத்தில் கொடுத்தால் நேர்காணலுக்கு அவள் பெயர் போகும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுச் சோதனை வரை பொறுக்க வேண்டும். அதற்குள் அந்த வேலை வேறொருவருக்குப் போயிருக்கும்.

மூன்று வரைவு எழுதினேன். முதலாவது: ஊழியர் துடோங்கைக் கழற்ற மறுத்தார். உண்மைதான். ஆனால் மறுநாள் ஆலை முழுக்க, ஒரு பெண் முன்னால் கழற்ற ஏன் மறுத்தாள் என்று கேட்கும். கடைசியில் பழி துடோங்குக்கும் ஷாகிராவுக்கும் பாதிப்பாதியாகப் போய்ச் சேரும். இரண்டாவது: கருவிக் கோளாறு. அன்று காலை ஞானம் சார் “இருக்கு” என்று சொன்ன கருவி அது, பொய். மூன்றாவது: தலைத்துணி இருந்தால் சோதனையைத் தள்ளி வைக்க வேண்டும் என்ற விதியைச் சோதனையாளர் மீறினார். கீழே என் பெயர்.

மூன்றையும் ஞானம் சாரிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். முதல் இரண்டையும் மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“இதான் நடந்தது மிஸ். வார்னிங் லெட்டர் வரும். பத்திரமா வெச்சுக்குங்க. என்கிட்ட ரெண்டு இருக்கு.”

வந்தது. பன்னிரண்டு ஆண்டில் எனக்கு வந்த ஒரே எச்சரிக்கைக் கடிதம். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன்.

ஆலையில் யாரும் என் கடிதத்தை நம்பவில்லை. துடோங் போட்டதால்தான் போன காது திரும்பிவிட்டது என்று காக் ரோஸ்னா லோரி லோரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த அற்புதத்தைத் தாங்க முடியாமல் ஷாகிரா எடைமேடைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் எனக்கு போன் செய்தாள்.

“சொல்லிட்டேன் மிஸ்.”

“என்ன சொன்னாங்க?”

“எத்தனை நாளாடி உனக்குக் காது கேக்குதுன்னாங்க. எல்லா நாளும்னேன். நான் போன்ல பேசினதுமான்னாங்க. ஆமான்னேன். அஞ்சு நிமிஷம் ஒரு லோரியையும் எடை போடல மிஸ். வரிசை மெயின் ரோடு வரைக்கும் நின்னுச்சு, ஹாரன் அடிக்கறாங்க. அப்புறம் முடியைக் காட்டுன்னாங்க. ஸ்டோர் உள்ள போய்க் காட்டினேன். அப்படியே தரையில உக்காந்து சிரிச்சாங்க. ‘சனியனே, அந்தக் கேக்குக்கு மூஞ்சி செய்ய நான் ரெண்டு நாள் லீவு போட்டேன்டி’ன்னாங்க.”

“அவ்வளவுதானா?”

“இல்ல. சிரிச்சு முடிச்சிட்டு, ‘சரி, உனக்கு நெசமா என்னா வேணும்?’னு கேட்டாங்க. தெரியலன்னு சொன்னேன். மிஸ், தெரியலன்னு அவங்ககிட்ட நான் சொன்னது இதான் மொத தடவை. இத்தனை வருஷமா ஜோக்குத்தான் சொல்லியிருக்கேன்.”

நேர்காணலுக்குப் போனாள். ஷாகிரா இப்போது ஆய்வுக்கூடச் சூப்பர்வைசர். அடுத்து வந்த ஆண்டுகளில் சில முறை காந்தத் தட்டில் ஊசி விழுந்தது, சில முறை விழவில்லை. எந்த ஆண்டு எது என்று அந்த ஆலையில் இப்போது ஒருவரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. பதினொரு பரிசுத் துடோங்கில் ஒன்றை முனியம்மா அக்கா வாங்கித் தொப்பிக்கு அடியில் கட்டிக்கொண்டிருக்கிறார். வெயிலுக்கு நல்ல துணியாம்.

ஆக, இளையவர்களே, ஹெட்போனை எப்படி வைப்பது என்ற கேள்விக்குப் பதில்: திரை போடுங்கள், தட்டை நீட்டுங்கள், காத்திருங்கள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்காமல் வேறு தேதி கொடுங்கள். எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் துணியின் மேல் வைக்காதீர்கள். டேப்லட்டோடு திரை தரமாட்டார்கள். வாத்துத் திரை என்னிடம்தான் இருக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். பர்கர்காரர் கேட்டார், தரவில்லை. வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

இந்த ஆண்டு வேன் அந்த ஆலைக்குக் கடைசியாகப் போனபோது, பெண்கள் வரிசையில் ஷாகிராவுக்குப் பின்னால் புதிதாக ஒரு பெண் நின்றாள். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பரீதா என்று பெயர். தலையில் ஒன்றும் இல்லை. காக் ரோஸ்னா அவளை மேலும் கீழும் பார்த்தார். வரிசையில் எல்லாத் தலைகளும் திரும்பின. ஞானம் சாரின் முதுகுகூட நிமிர்ந்தது.

“ஏம்மா,” என்று ஆரம்பித்தார் காக் ரோஸ்னா, “நீ எப்பத்தான்…”

ஷாகிரா திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

“…எப்பத்தான் பசியாறுன?” என்று முடித்தார் காக் ரோஸ்னா.

“இன்னும் இல்ல காக்.”

“அப்ப இந்தா, கரிபாப் சாப்பிடு. வெறும் வயித்தோட காது கேக்காது.”

இது மருத்துவப்படி தவறு. நான் திருத்தவில்லை.

இதைப் படித்துப் பார்த்த இளையவர்கள் இருவரும் ஒன்றையே கேட்டார்கள்: “அன்னைக்கு ஷாகிரா அக்கா துடோங் போட்டிருந்தாங்களா, இல்லையா?” வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்த விஷயம், ரகசியம் ஒன்றுமில்லை. ஆனாலும் அவளுடைய கடைசிப் படிவத்தை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பெயர் இருந்தது. வயது இருந்தது. பதவி: ஆய்வுக்கூடச் சூப்பர்வைசர். வலது காது, சீர். இடது காது, சீர். அதற்குக் கீழே என் கையெழுத்துதான். வேறு கட்டம் இல்லை.